சட்லஜ் ஆற்றோடு மேலேறினால்: கின்னௌர் மாவட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கின்னௌருக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் சித்குலில் ஒரு படம், கல்பாவில் ஒரு படம் என்று மூன்றே நாளில் முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் ஓடினேன். வீட்டுக்கு வந்து நினைத்துப் பார்த்தால் பனிமலை, ஆப்பிள் மரம், மரக்கோயில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. எதை எந்த ஊரில் பார்த்தேன் என்றே பிரிக்க முடியவில்லை. இரண்டாவது தடவை ஆற்றைப் பிடித்துக்கொண்டு, ஊர் ஊராக இறங்கித் தங்கி மேலே போனேன். அப்போதுதான் இடம் பிடிபட்டது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: முதலில் ஆற்றைப் படியுங்கள்

இமாச்சலப் பிரதேசத்தின் கிழக்கு ஓரத்தில், திபெத்தை ஒட்டி இருக்கிறது கின்னௌர். பரப்பு 6,401 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 84,121. அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 13 பேர். மிச்ச இடமெல்லாம் பாறை, பனி, காடு. 1960 மே 1 அன்று தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் சினி என்ற தாலுகாவாக இருந்தது. அந்தச் சினிதான் இன்றைய கல்பா.

வரைபடத்தில் மூன்று நீரோட்டங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திபெத்திலிருந்து ஷிப்கி லா பக்கமாக உள்ளே நுழைந்து, மாவட்டத்தை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக அறுத்துக்கொண்டு போகிறது சட்லஜ். வடக்கே ஸ்பிதி ஆறு வந்து காப் என்ற இடத்தில் அதோடு சேர்கிறது. தெற்கே பாஸ்பா ஆறு சாங்லா பள்ளத்தாக்கு வழியாக இறங்கி கர்ச்சத்தில் சேர்கிறது. ஊர்கள், சாலை, தோட்டம், சண்டை, வழக்கு எல்லாமே இந்த மூன்றின் கரைகளில்தான்.

கீழே நிச்சார் பக்கம் பருவமழை கிடைக்கிறது. தேவதாரு அடர்ந்த காடு, சரிந்த கற்பலகைக் கூரை, இந்துத் தெய்வங்கள். நடுவே கல்பா பக்கம் மழை குறையும், கோயிலும் பௌத்த மடமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மேலே பூ என்ற ஊரைச் சுற்றிய தாலுகாவுக்குள் நுழைந்தால் மழைமறைவுப் பகுதி. மரம் அருகிப்போய், மண் பூசிய தட்டைக் கூரை வீடுகளும் கோம்பா என்ற பௌத்த மடங்களும் மந்திரக் கொடிகளும் வந்துவிடும். மழை குறையக் குறையக் கூரை தட்டையாகிறது, சாமியும் மாறுகிறது. பேச்சும் அப்படித்தான். ஹம்ஸ்கத் என்று அவர்களே சொல்லும் கின்னௌரி, திபெத்திய மொழிகளுக்கு உறவு. சித்குலுக்கென்று ஒரு பேச்சு, மேலே போனால் ‘போட்டி’ என்ற திபெத்திய வகைப் பேச்சு. பள்ளத்தாக்கு மாறினால் மொழி மாறுகிறது. நல்ல வேளையாக எல்லோருக்கும் இந்தி தெரியும். உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

கின்னரர் என்ற சொல் நமக்குப் பழையது. தேவலோகத்துப் பாட்டுக்காரர்கள் என்று படித்திருப்போம். இங்குள்ளவர்கள் தங்களை அந்தப் பெயரோடு இணைத்துப் பேசுவார்கள். சட்டப்படி கின்னௌரா மக்கள் பட்டியல் பழங்குடியினர். மாவட்டம் முழுவதும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண்.

மே, ஜூன் நல்ல மாதங்கள். கீழே வெயில், மேலே பனி. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசிவரை அதைவிட நல்லது. வானம் கழுவிவிட்டது போல இருக்கும், ஆப்பிள் பழுத்திருக்கும், ஊரே அறுவடையில் இருக்கும். இமாச்சலத்தில் மற்ற இடங்களில் பழம் முடிந்த பிறகு சந்தைக்கு வருவது கின்னௌர் ஆப்பிள். அதனால்தான் அதற்கு அந்த விலை.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் போக வேண்டாம். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. 2021 ஜூலை 25 அன்று பட்ஸேரி அருகே மலையிலிருந்து உருண்ட பாறைகள் சுற்றுலா வண்டியில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். பதினேழு நாள் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, நிகுல்சாரியில் நெடுஞ்சாலை மீதே மலை சரிந்தது. அரசுப் பேருந்து ஒன்று உட்பட வண்டிகள் புதைந்து 28 பேர் இறந்தார்கள். மேல் கின்னௌரில் மழை அதிகம் பெய்யாதுதான். ஆனால் அங்கே போகக் கீழ் கின்னௌரைக் கடந்தாக வேண்டுமே.

குளிர்காலத்தில் கல்பா பனியில் அழகாக இருக்கும். ஆனால் குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும், பல விடுதிகள் மூடியிருக்கும். பனிப் பயணம் பழகியவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

படி 3: சிம்லாவிலிருந்து நுழையுங்கள்

டெல்லியிலிருந்து ரயிலில் கால்கா. அங்கிருந்து 96 கிலோமீட்டர் மலை ரயிலில் சிம்லா. 1903இல் திறந்த பாதை, 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நேரமில்லை என்றால் சண்டிகரிலிருந்து பேருந்து. சிம்லாவிலிருந்து கின்னௌரின் தலைநகர் ரெக்காங் பியோ சுமார் 230 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் நான்கு மணி நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும்.

மணாலி வழியாக ஸ்பிதிக்குள் இறங்கி, அங்கிருந்து கின்னௌர் வருவதையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அந்த வழியில் 4,551 மீட்டர் குன்ஸம் கணவாயை எடுத்த எடுப்பிலேயே ஏற வேண்டும். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அது தேவையில்லாத தண்டனை. சிம்லா வழியில் உயரம் படிப்படியாகக் கூடும்: சாங்லா சுமார் 2,700, கல்பா 2,960, சித்குல் 3,450, நாக்கோ 3,660 மீட்டர். உடம்பு ஒவ்வொரு இடத்திலும் பழகிக்கொள்ளும்.

முதல் இரவு ராம்பூரிலோ சராஹனிலோ தங்குங்கள். இரண்டும் சிம்லா மாவட்டம்தான், ஆனால் கின்னௌர் கதை இங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பகுதியை ஆண்ட புஷஹர் அரசர்களின் முதல் தலைநகர் சாங்லா அருகே காம்ரு. பிறகு சராஹன், கடைசியில் ராம்பூர். நவம்பரில் ராம்பூரில் கூடும் லவி சந்தை திபெத் வணிகத்தில் பிறந்தது. கம்பளி, உலர்பழம், குதிரை என்று ஒரு காலத்தில் மலை தாண்டி வந்து விற்றார்கள். 1962 போரோடு அந்த வழி அடைந்தது. ஷிப்கி லா வழியாக 1994இல் சிறிய அளவில் மறுபடி தொடங்கி, 2020இல் மறுபடி நின்றுபோனது.

வண்டி வாடகை கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசுப் பேருந்து இருக்கிறது. மாவட்டத்தின் எல்லா முக்கிய ஊருக்கும் போகும். ஓட்டுநர்கள் இந்தச் சாலையில் காட்டும் நிதானத்தைப் பார்த்தால் சொந்தக் காரை வீட்டில் விட்டுவிட்டு வந்தது நல்லதென்று தோன்றும்.

படி 4: கீழ் கின்னௌரில் கண்ணைத் திறந்து வையுங்கள்

இந்தப் பகுதியைத் தூங்கிக்கொண்டே கடக்கிறவர்கள் அதிகம். அது ஒரு இழப்பு.

தராண்டா பக்கம் சாலையைப் பாறைக்குள் குடைந்து போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே பாறை கூரை மாதிரி நிற்கும், மறுபக்கம் ஆறு எங்கோ அடியில். இந்துஸ்தான்–திபெத் சாலை என்று டல்ஹௌசி பிரபு காலத்தில் 1850இல் தொடங்கிய பாதையின் இன்றைய வடிவம்தான் தேசிய நெடுஞ்சாலை 5.

கொஞ்ச தூரத்தில் ஆறு மெலிந்து, சில இடங்களில் வெறும் கல்லாகக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். வறட்சி என்று நினைக்க வேண்டாம். ஆறு மலைக்குள் ஓடுகிறது. 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி திட்டத்தின் சுரங்கம் மட்டும் 27 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதற்கு மேலே 1,000 மெகாவாட் கர்ச்சம் வாங்டு, பாஸ்பாவில் 300 மெகாவாட் பாஸ்பா 2. மின்சாரம் நமக்கெல்லாம் வேண்டியதுதான். ஆனால் சுரங்கத்துக்கு வெடி வைத்ததில் ஊற்றுகள் வற்றின, வீட்டுச் சுவர் விரிசல் விட்டது என்று ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஜங்கி தோபான் பொவாரி என்ற 804 மெகாவாட் திட்டத்தை எதிர்த்து இளைஞர்கள் எழுப்பிய முழக்கம் ‘நோ மீன்ஸ் நோ’. டீக்கடையில் உட்கார்ந்து இந்தப் பேச்சை எடுத்தால் டீ ஆறும்வரை கேட்கலாம்.

படி 5: கர்ச்சத்தில் வலப்பக்கம் திரும்பி, பாஸ்பாவோடு இரண்டு இரவு

கர்ச்சத்தில் பாலம் தாண்டியதும் சாலை செங்குத்தாக ஏறும். முதல் அரை மணி நேரம் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். அப்புறம் திடீரென்று பள்ளத்தாக்கு விரிந்து சாங்லா வந்துவிடும்.

சாங்லாவுக்கு மேலே காம்ரு கோட்டைக்கு நடந்து போங்கள். கல்லும் மரமும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய கோபுரம், உள்ளே காமாக்யா தேவி. தலையில் கின்னௌரித் தொப்பியும் இடுப்பில் கச்சையும் கட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். வாசலிலேயே தருவார்கள். பச்சை வெல்வெட் பட்டி வைத்த அந்தத் தொப்பிக்குத் தெபாங் என்று பெயர். சுற்றுலாக்காரர்கள் வேடிக்கைக்காகப் போடுவது அது. ஆனால் ஊரில் திருமணம், சாவு, சாமி காரியம் எதற்கும் அதில்லாமல் ஆண் பெண் யாரும் வெளியே வரமாட்டார்கள்.

தங்குவதற்கு என் தேர்வு சாங்லாவும் இல்லை, சித்குலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள ரக்சம். ஓக்லா என்ற பாப்பரைப் பயிர் பூக்கும்போது வயலெல்லாம் இளஞ்சிவப்பாக நிற்கும். கூட்டம் குறைவு. வீட்டுத் தங்கல் எடுத்தால் ஓக்லா மாவில் தோசை மாதிரி ஊற்றிய சில்டாவும் சாங்லா ராஜ்மாவும் கிடைக்கலாம். இங்கே ராஜ்மா, சோறு என்று கேட்டால் ஏமாற்றம் இருக்காது. அந்தப் பயறு வேகும்போதே வாசனை வேறு.

சித்குல் பாஸ்பா கரையின் கடைசிக் கிராமம். பொதுச்சாலை அங்கே முடிகிறது, அதற்கப்பால் எல்லைக் காவல் படையின் பகுதி. ‘கடைசி’ என்ற பலகைக்கு முன்னால் படமெடுக்க வரிசை நிற்கும். சிமென்ட் விடுதிகள் முளைத்து மரவீடுகளை மறைத்துக்கொண்டிருக்கின்றன. காலையில் சீக்கிரம் போய், மாத்தி தேவி கோயிலைப் பார்த்து, ஆற்றோரமாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, கூட்டம் வருமுன் ரக்சத்துக்கு இறங்கிவிடுங்கள்.

படி 6: கல்பாவில் மூன்று இரவு, அவசரப்படாமல்

ரெக்காங் பியோ, சுருக்கமாகப் பியோ, மாவட்டத் தலைநகர். சந்தை, மருத்துவமனை, வங்கி, ஏடிஎம் எல்லாம் இங்கேதான். பணத்தை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே யுபிஐ வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் போகாதீர்கள். பெட்ரோலும் அப்படித்தான். இங்கே நிரப்பிவிட்டால் ஸ்பிதியில் உள்ள காஸா வரை கவலை இல்லை.

தங்குவது மேலே கல்பாவில். சட்லஜுக்கு அக்கரையில், நேர் எதிரே கின்னர் கைலாசம் நிற்கும். 6,050 மீட்டர். அதே தொடரில் ஜோர்கண்டன் 6,473 மீட்டர். இடது பக்கம் முகட்டில் விரல் போல ஒரு பாறைத்தூண் தெரியும். அதுதான் சிவலிங்கம். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும் என்பார்கள். சூரியன் கைலாசத்துக்குப் பின்னாலிருந்து எழுவதால் விடியற்காலையில் மலை நிழலுருவாகத்தான் தெரியும். படமெடுக்க விடியற்காலையில் எழுந்து நடுங்க வேண்டாம். மாலையில்தான் பனி மேல் நேராக வெளிச்சம் விழும்.

ஆகஸ்ட் வாக்கில் தங்லிங் கிராமத்திலிருந்து பக்தர்கள் அந்தத் தூணுக்கு ஏறுவார்கள். ஏற்றம் கடுமையானது. மலையேறிப் பழக்கமில்லாமல் பக்தி மட்டும் வைத்துக்கொண்டு போகிற வழி இல்லை அது.

கல்பா ஊருக்குள் நாராயண்–நாகினி கோயிலும் பௌத்த மடமும் சில அடி தூரத்தில் இருக்கின்றன. ஒரே குடும்பம் இரண்டுக்கும் போகும். பூசாரியும் லாமாவும் ஒரே வீட்டுத் திருமணத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை, விசேஷமாகவே நினைப்பதில்லை.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேவதா உண்டு. பல்லக்கில் தோளில் வரும் அந்தச் சாமிக்கு நிலம், கருவூலம், காரியக்காரர்கள், பக்கத்து ஊர்ச் சாமிகளோடு உறவு, பகை எல்லாம் உண்டு. கேள்வி கேட்டால் பல்லக்கு குலுங்கிப் பதில் சொல்லும். க்ரோக்ச் என்ற சாமியாடி மூலமாகவும் பேசும். நம் கிராமத்துச் சாமியாட்டம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். பல்லக்கைத் தொடாதீர்கள், தோல் பெல்ட்டோடு கோயிலுக்குள் போகாதீர்கள், கேட்காமல் படமெடுக்காதீர்கள். செப்டம்பரில் போனால் உக்யாங் விழா கண்ணில் படலாம். பூவைப் பார்ப்பது என்று பொருள். இளைஞர்கள் உச்சிக்கு ஏறிப் பூப்பறித்து வந்து சாமிக்குச் சூட்டுவார்கள், இறந்தவர்களையும் நினைத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் கேட்டு மலையில் எல்லோரும் சமம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சாதி இங்கேயும் உண்டு. தலித் சமூகத்தார் பல கோயில்களுக்குள் போக முடியாது. பூர்வீக நிலத்தில் பெண்களுக்குப் பங்கில்லை என்ற பழைய வழக்காற்றை எதிர்த்துக் கின்னௌர்ப் பெண்களே நீண்ட காலமாகக் குரல் கொடுக்கிறார்கள். சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் முன்பு இருந்தது. துண்டு நிலம் இன்னும் துண்டாகக் கூடாது என்பது அதன் கணக்கு. இப்போது கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. தங்க இடம் கொடுத்த வீட்டில் போய் இதைக் கிண்டிக் கேட்காதீர்கள். என் முன்னாலேயே ஒருவர் கேட்டார். அந்த வீட்டுப் பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார்.

கல்பாவுக்கு இன்னொரு புகழும் உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் ஷ்யாம் சரண் நேகி இவ்வூர்க்காரர், பள்ளி ஆசிரியர். பனிக்கு முன்னால் இங்கே தேர்தலை முன்கூட்டி நடத்தியதால் 1951 அக்டோபர் 25 அன்றே வாக்களித்தார். 2022 நவம்பர் 5 அன்று, 105 வயதில் இறந்தார். அதற்கு மூன்று நாள் முன்புதான் வீட்டிலிருந்தே தபால் வாக்கு போட்டிருந்தார். நேகி என்ற பெயரைக் கேட்டு உறவா என்று விசாரிக்காதீர்கள், இங்கே தெருவுக்குப் பத்து நேகிகள்.

ஒரு பிற்பகலை ரோகி கிராமத்துக்கு நடக்க ஒதுக்குங்கள். சில்கோசா பைன் மரங்கள் வழியெங்கும். இந்தப் பருப்புக்காகச் செப்டம்பர், அக்டோபரில் காய்களை அடித்து இறக்குகிறார்கள். கிலோ ஆயிரக்கணக்கில் விலை. விருந்தாளிக்கும் மாப்பிள்ளைக்கும் சில்கோசா மாலை போடுவது இங்குள்ள மரியாதை. எல்லாக் காயையும் இறக்கிவிடுவதால் புதுக் கன்று முளைக்க விதையே மிஞ்சுவதில்லை என்பது வனத்துறையின் கவலை. வாங்குவதானால் பியோ சந்தையில் உடைத்து ருசி பார்த்து வாங்குங்கள். சால்வை வேண்டுமென்றால் புவிசார் குறியீடு பெற்ற கின்னௌரி சால்வை. கைத்தறியில் கோலம் போல ஓரம் நெய்தது நல்ல விலைதான். மலிவாகக் கிடைத்தால் அது விசைத்தறி.

படி 7: ஜங்கியைத் தாண்டி மேல் கின்னௌர்

இந்தியக் குடிமக்களுக்கு இந்த நெடுஞ்சாலையில் அனுமதிச் சீட்டு தேவையில்லை, அடையாள அட்டை போதும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் பியோவிலோ சிம்லாவிலோ அனுமதி வாங்க வேண்டும். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் அட்டை) வைத்திருப்பவர்களுக்கும் அதே விதி. ஒரு வேலை நாளை அதற்கென்று ஒதுக்கிவையுங்கள். ஷிப்கி லா கணவாயை 2025 ஜூனில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தார்கள். எல்லை விவகாரம் என்பதால் விதி மாறும், கிளம்புமுன் பியோவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் ஸ்பிலோவுக்கு மேலே கனம் என்ற கிராமம். சோமா டி கோரோஸ் என்ற ஹங்கேரிய அறிஞர் 1827 முதல் 1830 வரை இங்குள்ள மடத்தில் லாமாவிடம் உட்கார்ந்து திபெத்திய மொழி படித்தார். 1834இல் வெளிவந்த அவருடைய திபெத்திய–ஆங்கில அகராதி இங்கே கழிந்த அந்தக் குளிர்காலங்களின் விளைச்சல். சுற்றுலா வண்டிகள் இங்கே நிற்பதே இல்லை. நில்லுங்கள். அடுத்துப் பூ. ஊர் பெயரே அதுதான். நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சுற்றிலும் மொட்டைப் பாறை.

காப் பாலத்தில் இறங்கிப் பாருங்கள். ஸ்பிதியும் சட்லஜும் இரண்டு நிறத்தில் வந்து கலக்கும். அதைத் தாண்டியதும் ‘கா’ வளைவுகள். பாறைச் சுவரில் கொண்டை ஊசி மேல் கொண்டை ஊசியாகச் சாலை ஏறும்.

நாக்கோ ஒரு சிறு ஏரியைச் சுற்றிய ஊர். வில்லோ, பாப்ளர் மரங்கள், கல்வீடுகள், மேலே 6,816 மீட்டர் ரியோ புர்க்யில். மடத்தின் பழைய கோயில்கள் 11, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உள்ளே இருட்டு. கண் பழகியதும் சுவரோவியங்கள் மெல்லத் தெரியவரும். ஃபிளாஷ் போடக் கூடாது.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். அன்று மது வேண்டாம், ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள். கூடிக்கொண்டே போனால் மருந்தை நம்பி உட்கார்ந்திருக்காமல் கீழே இறங்கிவிடுங்கள். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதா என்பதை ஊரிலிருந்து கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

படி 8: சாலை விதிகள்

இரவில் பயணம் செய்யாதீர்கள். காலையில் சீக்கிரம் கிளம்பி மாலைக்குள் சேர்ந்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் ஒரு நாள் பொறுங்கள். வெயில் வந்ததும் கிளம்பலாம் என்று நினைப்போம், ஆனால் நனைந்த மண் இளகி வெயிலிலும் கல் உருளும். புதுக் கற்கள் சிதறிக் கிடக்கும் இடத்தில் படமெடுக்க நிற்காதீர்கள். சாலை அடைத்துவிட்டால் உள்ளூர் ஓட்டுநர்கள் என்ன செய்கிறார்களோ அதையே செய்யுங்கள். அவர்கள் வண்டியை அணைத்துவிட்டுச் சீட்டு விளையாடினால் நான்கு மணி நேரம் ஆகும் என்று பொருள். மொத்தத் திட்டத்தில் இரண்டு நாள் சும்மா விட்டுவையுங்கள். டெல்லி விமானத்தை அடுத்த நாளே போட்டுவிட்டு நான் பட்ட பாடு போதும்.

நாக்கோவுக்கு அப்பால் சாங்கோ, அங்கே ஆப்பிள் கூடுதல் இனிப்பு. பிறகு சும்தோ சோதனைச் சாவடி. மாவட்டம் அங்கே முடிந்து ஸ்பிதி தொடங்குகிறது. நான்கு நாள் கையில் இருந்தால் தாபோ, காஸா என்று மேலே போகலாம். இல்லையென்றால் நாக்கோவிலிருந்து விடியற்காலை கிளம்பி இறங்குங்கள், இருட்டுமுன் ராம்பூர் சேர்ந்துவிடலாம். இறங்கும்போது ஆறு உங்கள் கூடவே வரும், சுரங்கத்துக்குள் போகாத இடங்களில்.